மூலச் சமூகத்தின் மூக்கு

அருங்காட்சியகத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று பிறின்சியிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, போர்த்துக்கீசர் வருவதற்கு முன் உங்கள் பெயர் என்ன என்பது.

கேட்டவர் திருமதி க்ளாசன், மறுநோக்குத் துறையின் தலைவி. கேட்டுவிட்டுத் தலையைச் சற்றுச் சாய்த்து, கண்களில் ஈரத்தோடு காத்திருந்தார். பிறின்சி ஜெர்மனியின் ஹம் நகரத்து மருத்துவமனையில் பிறந்தவள். போர்த்துக்கீசர் என்று அவள் அறிந்திருந்தது, ஆஹென் பல்கலைக்கழகத்தில் படித்தபோது பக்கத்து அறையில் இருந்த, பாத்திரம் கழுவாத ஒரு மாணவனை மட்டும்தான்.

"யோசித்துச் சொல்கிறேன்" என்றாள்.

"அவசரமே இல்லை. ஐந்நூறு ஆண்டுகளாக உங்களை அவசரப்படுத்தியவர்கள் நாங்கள்" என்றார் திருமதி க்ளாசன். பிறகு நேரத்தைப் பார்த்துவிட்டு, "வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் போதும், இணையதளத்தில் போட வேண்டும்" என்றார்.

பிறின்சி வேதியியல் படித்தவள். பழைய பொருள்களில் என்ன நஞ்சு இருக்கிறது, என்ன மெழுகு இருக்கிறது என்று கண்டறியும் வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். தமிழ்க் குடும்பங்களின் வழக்கப்படி அப்பாவின் பெயரே அவளுக்குக் குடும்பப் பெயர். அலோசியஸ் என்ற அந்தப் பெயரைப் பார்த்து, அப்படிப் பெயர் வைக்கும் பவேரியாவிலிருந்து மீசை வைத்த ஓர் ஆள் வருவார் என்று தேர்வுக் குழு எதிர்பார்த்திருந்தது. கதவைத் திறந்துகொண்டு பிறின்சி வந்ததும் இயக்குநர் டாக்டர் ஹார்ம்ஸ் எழுந்து நின்றார். மற்றவர்களும் எழுந்தார்கள். வேதியியல் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. அவளுடைய சான்றிதழ்களை யாரும் திறந்தே பார்க்கவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

அன்று மாலை வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அப்பா, போர்த்துக்கீசர் வரமுன்னம் எங்கட பேர் என்ன?"

அலோசியஸ் ஹம்மில் கம்பித் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்பவர். காலை முறை முடித்து வந்து அப்போதுதான் காலை நீட்டியிருந்தார்.

"ஆர் கேக்கினம்? வெளிநாட்டவர் அலுவலகமோ? எங்களுக்கு ஜெர்மன் பாஸ்போட் வந்து எவ்வளவு காலம்! இப்ப என்ன புதுசா?"

"அலுவலகமில்லை அப்பா. வேலையிடத்தில கேக்கினம்."

"எனக்கு என்ர பூட்டன்ர பேரே தெரியாது. அந்தாளும் ஒரு அந்தோனியாத்தான் இருக்கும்."

பின்னாலிருந்து அம்மா ஞானமலரின் குரல் வந்தது. "கப்பல் வரேக்க நாங்கள் ஒருத்தரும் வீட்டில இருக்கேல்லை எண்டு சொல்லச் சொல்லுங்கோ."

"பகிடி விடாதேங்கோ அம்மா."

"வேலைக்கு ஏதும் பிரச்சினையோ?" அப்பாவின் குரல் மாறியது. "அப்பிடியெண்டால் ஒரு பேரைச் சொல்லிவிடன் பிள்ளை. வள்ளியம்மை எண்டு சொல்லு. அவைக்கென்ன தெரியப்போகுது?"

பிறின்சியால் அது ஏலவில்லை. தெரியாததைத் தெரியாது என்று எழுதத்தான் அவளுக்குக் கற்பித்திருந்தார்கள். அப்படியே எழுதிக் கொடுத்தாள். அடுத்த வாரம் இணையதளத்தில் அவளுடைய படத்தின் கீழே இப்படி இருந்தது: பிறின்சி (பெயர் மீட்புப் பணி நடைபெற்று வருகிறது).

அந்த அருங்காட்சியகம் வட ஜெர்மனியின் ஒரு துறைமுக நகரத்தில், பழைய சரக்குக் கிடங்கொன்றில் இருந்தது. ஆசியாவுக்குக் கடல்வழி தேடிப் போன ஐரோப்பியரைப் பற்றியும், அவர்கள் கொண்டுவந்த மிளகு, கறுவா என்ற இலவங்கப்பட்டை, பட்டு, பீங்கான் பற்றியும் அங்கே ஐந்து மாடிகளில் காட்டினார்கள். முன்பெல்லாம் அது மாலுமிகளின் வீரத்தைப் பாடிக்கொண்டிருந்ததாம். இப்போது வெட்கப்பட்டுக்கொண்டிருந்தது. கப்பல்கள் அதே கப்பல்கள். பீரங்கிகள் அதே பீரங்கிகள். எழுத்துப் பலகைகளை மட்டும் மாற்றியிருந்தார்கள்.

"முன்பு எங்கள் மாலுமிகள் எவ்வளவு பெரிய வீரர்கள் என்று சொன்னோம்" என்று டாக்டர் ஹார்ம்ஸ் புதியவர்களுக்கு விளக்குவார். "இப்போது எவ்வளவு பெரிய பாவிகள் என்று சொல்கிறோம். எப்படியிருந்தாலும் பெரியவர்கள். மக்கள் வருகை குறையவில்லை."

ஒவ்வொரு கூட்டமும் இந்து சமுத்திரத்துக்கு மரியாதை செலுத்தித்தான் தொடங்கும். எல்லோரும் எழுந்து அந்தக் கடல் இருக்கும் திசையைப் பார்த்து நிற்க வேண்டும். திசையைக் கைத்தொலைபேசி காட்டும். அந்தத் திசையில் இருந்தது கழிவறை. ஒரு நாள் காவலாளி றெக்ஸ் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். துறைத் தலைவர்கள் எல்லோரும் தன்னை நோக்கித் தலை குனிந்து நிற்பதைக் கண்டு, மறுபடி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மேசை நடுவில் ஒரு கண்ணாடிப் போத்தல் இருக்கும். 'கண்டுபிடிப்பு' என்ற சொல்லை யாராவது மறந்து சொல்லிவிட்டால் ஒரு மிளகு எடுத்து அதில் போட வேண்டும். ஆசியா அங்கேதான் இருந்தது, அதை யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பதை நினைவூட்டுவதற்காக. டாக்டர் ஹார்ம்ஸ் முதலே ஒரு கைப்பிடி போட்டுவிட்டுத்தான் பேச உட்காருவார்.

"போத்தல் நிரம்பினால் அதை என்ன செய்வினம் அண்ணை?" என்று றெக்ஸிடம் பிறின்சி கேட்டிருக்கிறாள்.

"வியாழக்கிழமைச் சூப்பை நீ குடிக்கிறேல்லையோ தங்கச்சி?" என்றார் அவர்.

றெக்ஸ் யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு காவல் நிறுவனம் அவரை அங்கே அனுப்பியிருந்தது. ஆகவே அருங்காட்சியகத்தின் கணக்கில் அவர் ஊழியரும் அல்ல, ஆசியாவும் அல்ல.

இவற்றையெல்லாம் பிறின்சி பொறுத்துக்கொண்டாள். காரணம், கீழ்த்தளத்தில் இருந்த அந்தக் கருவி. ஒரு துகளைக் கொடுத்தால் அதை ஆவியாக்கி, நீண்டதொரு மெல்லிய குழாய்க்குள் ஓடவிட்டு, அதில் என்னென்ன இருக்கிறது என்று திரையில் மேடும் பள்ளமுமாக வரைந்து காட்டும். அது அவளிடம் பெயர் கேட்டதில்லை. கூட்டத்தில் வாய் திறக்கத் தெரியாதவளுக்கு, அந்தக் கோடுகளை வாசிக்கத் தெரிந்தது. அவளுடைய வேலை ஒப்பந்தம் இலையுதிர் காலத்தோடு முடிகிறது. அதை நிரந்தரமாக்குவதா இல்லையா என்பதைப் புதிய கண்காட்சி திறந்த பிறகு தீர்மானிப்பார்கள். அந்தக் கருவியோடு அந்தக் கீழ்த்தளத்தில் இருந்துவிட வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

புதிய கண்காட்சிக்கு 'திரும்பி வரும் வாசனை' என்று பெயர். அதன் நடுநாயகம் ஒரு மரப்பெட்டி. யோஹான் ப்ரூன்ஸ் என்ற அந்த நகரத்து வணிகர், டச்சுக் கம்பெனிக் கப்பலில் இலங்கைக்குப் போய், முதன்முதலில் கறுவாப்பட்டை கொண்டுவந்த பெட்டி அது. அப்படித்தான் நகரத்துப் பிள்ளைகள் படிக்கிறார்கள். துறைமுகத்தில் காற்றுக்கு மூக்கைத் தூக்கியபடி அவருக்குச் சிலையும் இருக்கிறது. பெட்டியில் இன்னும் கொஞ்சம் பட்டை மிச்சமிருந்தது. அதைச் சோதித்து, இலங்கைக் கறுவாதான் என்று ஒரு வரி எழுதித் தரும்படி பிறின்சியிடம் சொன்னார்கள்.

அவள் சோதித்தாள். திரும்பவும் சோதித்தாள். வேறு மூலையிலிருந்து துகள் எடுத்து இன்னொருமுறையும் பார்த்தாள்.

ஜெர்மனியில் கிறிஸ்மஸ் நெருங்கினால் பத்திரிகைகள் ஒரு செய்தி போடும். கறுவா பிஸ்கட்டை அளவாகத் தின்னுங்கள், அதில் போடும் மலிவான சீனக் கறுவாவில் கூமரின் என்ற பொருள் அதிகம், அது ஈரலுக்குக் கூடாது என்று. இலங்கைக் கறுவாவில் அது இல்லையென்றே சொல்லலாம். ப்ரூன்ஸின் பெட்டியிலிருந்து எடுத்த துகளில் அது திரையில் மலைபோல எழுந்து நின்றது. பட்டையும் தடிப்பாக, ஒற்றைச் சுருளாக இருந்தது. இலங்கைப் பட்டை காகிதம்போலப் பல சுருளாக இருக்கும்.

பெட்டியில் இருப்பது இலங்கைக் கறுவா அல்ல என்று அவள் எழுதினாள். ப்ரூன்ஸ் ஏமாற்றினாரா, ஏமாந்தாரா, இலங்கைப் பக்கம் போனாரா என்பதைக் கருவி சொல்லவில்லை. அதனால் அவளும் சொல்லவில்லை.

கூட்டம் கூடியது. சமுத்திரத்துக்கு மரியாதை முடிந்ததும் டாக்டர் ஹார்ம்ஸ் அவளுடைய அறிக்கையை இரண்டு விரல்களால் தூக்கினார்.

"அருமையான ஆய்வு. ஆனால் பாருங்கள், நாம் இலங்கையிடம் கேட்கும் மன்னிப்பு அச்சாகிவிட்டது. மூன்று மொழிகளில். சீனாவிடம் மன்னிப்புக் கேட்பதென்றால் வெளியுறவு அமைச்சைக் கேட்க வேண்டும். அவர்கள் ஏற்றுமதி அமைச்சைக் கேட்பார்கள்."

"அதைவிட ஆழமான பிரச்சினை ஒன்று இருக்கிறது" என்றார் திருமதி க்ளாசன். "இந்த அறிக்கை எதனால் எழுதப்பட்டது? ஒரு கருவியால். கருவி என்ன செய்கிறது? அளக்கிறது. ஆசியாவை முதலில் அளந்தது யார்? நாம், கப்பலில். ஆகவே கருவியும் ஒரு கப்பல்தான். பிறின்சி, உங்கள் மக்களின் பொருளை ஐரோப்பாவின் கப்பலில் ஏற்றி உங்களையே ஓட்டவைத்திருக்கிறோம். அதற்காக நான் வெட்கப்படுகிறேன்."

பிறின்சி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். எல்லோரும் அவளை நோக்கித் திரும்பினார்கள். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"நமக்கு வேண்டியது அளவு அல்ல, மணம்" என்று திருமதி க்ளாசன் தொடர்ந்தார். "அந்த மண்ணின் நினைவு இரத்தத்தில் இருக்கும் ஒருவர் முகர்ந்து சொல்லட்டும். மூலச் சமூகத்தின் மூக்கு சொல்லட்டும்."

பொருள் எந்த மக்களிடமிருந்து வந்ததோ அவர்களுக்கு அந்த அருங்காட்சியகத்தில் மூலச் சமூகம் என்று பெயர்.

"என் பெற்றோர் மன்னார்ப் பக்கம்" என்றாள் பிறின்சி. அவள் கூட்டத்தில் பேசிய முதல் வசனம் அது. "அங்கே கறுவா வளராது. பனைதான். கறுவா வளர்வது தீவின் மறுபக்கம்."

திருமதி க்ளாசன் சுவரிலிருந்த உலகப் படத்திடம் போனார். இலங்கையின்மேல் சுட்டுவிரலை வைத்தார். மன்னார் மறைந்தது. மறுபக்கமும் மறைந்தது.

"பார்த்தீர்களா?" என்றார் கனிவோடு. "ஒரு விரல் தூரம்."

எல்லோரும் கைதட்டினார்கள். சந்தோஷத்தில் டாக்டர் ஹார்ம்ஸ், "என்ன ஒரு கண்டுபிடிப்பு!" என்றார். பிறகு போத்தலை இழுத்து ஒரு மிளகு போட்டார்.

பிறின்சிக்கு மணம் தெரியாது. ஆஹெனில் கடைசி ஆண்டு படித்தபோது கொரோனா வந்து போனது. போகும்போது அவளுடைய மணத்தையும் கொண்டுபோய்விட்டது. மற்றவர்களுக்கெல்லாம் திரும்பி வந்தது, அவளுக்கு வரவில்லை. இதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஆய்வுகூடத்தில் ஏதாவது கசிந்தால் முதலில் அறிவது மூக்குதான். மூக்கில்லாதவளைக் கருவிக்குப் பக்கத்தில் விடுவார்களா? அம்மாவிடமும் சொல்லவில்லை. சொன்னால் கேவெலார் மாதா கோயிலுக்கு நேர்த்தி வைப்பார், ஹம் கோயில் பங்கு முழுவதற்கும் தெரிந்துவிடும்.

அடுத்த திங்கட்கிழமை பெட்டியைத் திறந்தார்கள். ஒலிப்பதிவுக்கு ஆள் வந்திருந்தார். முதலில் டாக்டர் ஹார்ம்ஸ் குனிந்து முகர்ந்தார். "ஆ! கிறிஸ்மஸ்!" என்றார். திருமதி க்ளாசன் கண்களை மூடிக்கொண்டு நீண்ட மூச்சாக இழுத்தார். "குற்றவுணர்வு" என்றார். "அடியில் மெல்லிய கிராம்பு."

பிறின்சி குனிந்தாள். மூச்சை இழுத்தாள். ஒன்றும் இல்லை. என்ன சொல்வதென்று தெரியாமல் அப்படியே நின்றாள். சுற்றிலும் ஆட்கள். பேசாமலே நின்றாள். கடைசியில் ஒலிப்பதிவாளரின் பொத்தான் 'டக்' என்றது.

கூட்டக் குறிப்பில் இப்படி எழுதப்பட்டது: மூலச் சமூகம் நீண்ட மௌனத்தால் பதிலளித்தது. அந்த மௌனத்தை நாங்கள் உறுதிப்படுத்தலாக எடுத்துக்கொள்கிறோம்.

கூட்டம் கலைந்ததும் அவள் றெக்ஸிடம் போனாள்.

"அண்ணை, ஒரு உதவி. இதை ஒருக்கா மணந்து பாருங்கோ."

"ஏன், உனக்கென்ன தடிமலோ, மூக்கடைப்போ?"

"சும்மா பாருங்கோ அண்ணை."

றெக்ஸ் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் பெட்டிக்குள் முகத்தை விட்டார். "உண்மையைச் சொல்லட்டோ? பழைய அலுமாரி."

"கறுவா?"

"கறுவாவோ! இதைவிட என்ர சப்பாத்து மணக்கும்."

"அப்ப அவை என்னத்தை மணந்தவை?"

"அவை நிரந்தர வேலைக்காரர் தங்கச்சி. அவைக்கு மணக்கும்."

முந்நூறு ஆண்டுக் கறுவாவில் மணம் எஞ்சியிருக்காது என்பது ஒரு விளக்கம். தனக்கு மணம் தெரியாது என்பது இன்னொரு விளக்கம். இரண்டும் ஒரே நேரத்தில் சரியாக இருந்தால், எதனால் மணக்கவில்லை என்று தன்னால் ஒருபோதும் சொல்ல ஏலாது என்பதை அவள் உணர்ந்தாள். அன்று நெடுநேரம் கருவியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

மௌனம் வெற்றிபெற்றுவிட்டது. அதைக் கண்காட்சியில் வைப்பதென்று முடிவாகியது. பார்வையாளர்கள் காதொலிக் கருவியை மாட்டிக்கொண்டு, பெட்டியைப் பார்த்தபடி, இலங்கையின் மௌனத்தைக் கேட்கலாம். ஆனால் முதல் மௌனத்தில் குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல் இருந்தது. இரண்டாவது எடுத்தார்கள். அது கொஞ்சம் உற்சாகமாக இருக்கிறது என்றார் திருமதி க்ளாசன். மூன்றாவதில் பிறின்சியின் வயிறு இரைந்தது. அதைச் சேர்ப்பதா என்று பஞ்சங்களின் வரலாறு படித்த ஒருவரிடம் கருத்துக் கேட்டார்கள். நாலாவதை எல்லோரும் ஏற்றார்கள்.

"என் அறிக்கையை எங்கே வைப்பீர்கள்?" என்று பிறின்சி ஒரு நாள் துணிந்து கேட்டாள். அதற்காக முதல் நாள் இரவே கண்ணாடிக்கு முன்னால் பேசிப் பார்த்திருந்தாள்.

டாக்டர் ஹார்ம்ஸ் அவளுடைய தோளைத் தொட வந்து, தொடாமல், கையை எடுத்துக்கொண்டார். "உங்கள் அறிக்கையை நாங்கள் மிகவும் மதிக்கிறோம். மதிப்பதால்தான் அதைப் பயன்படுத்தவில்லை. உங்கள் அறிவைப் பயன்படுத்தினால் அது சுரண்டல்."

திறப்பு விழாவுக்கு ஹம்மிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். பிராந்திய ரயிலில் இடையில் இரண்டு இடத்தில் மாறி வந்தார்கள். அப்பா கோட்டுப் போட்டிருந்தார். அம்மா மாம்பழ நிறச் சேலை, மேலே குளிர்ச் சட்டை. கையில் ஒரு பை நிறைய, உறைப்புக் கறி வைத்துச் சுருட்டிப் பொரித்த றோல்ஸ்.

"உதை ஏன் அம்மா கொண்டுவந்தனீங்கள்? இஞ்ச சாப்பாடு குடுப்பினம்."

"வெறுங்கையோட வாறதோ? உன்ர பெரியவருக்குக் குடு. உன்ர வேலை நிரந்தரமாகிறது இண்டைக்குத்தானே?"

"இண்டைக்கில்லை. இனித்தான் தீர்மானிப்பினம்."

"அப்ப இண்டைக்கு எல்லாரோடையும் நல்லா நடக்கவேணும்" என்றார் அம்மா, கணவரைப் பார்த்து.

மாநிலப் பண்பாட்டு அமைச்சர் வந்திருந்தார். நிகழ்ச்சி நிரலில் கடைசியாக, பெட்டியின் முன்னால் நேரடி மௌனம் என்று இருந்தது. பிறின்சியின் சட்டைக் கழுத்தில் சின்ன ஒலிவாங்கியைக் குத்தியிருந்தார்கள். அவள் மேடையில் ஏறும்போதுதான் திருமதி க்ளாசன் முன்வரிசையில் அந்தச் சேலையைக் கண்டார். அவருடைய கை நெஞ்சுக்குப் போனது.

"உங்கள் தாயாரா? அந்த நாட்டிலேயே பிறந்த மூக்கா? ஏன் எங்களிடம் சொல்லவில்லை?"

ஞானமலரைக் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்து வந்தார். பெட்டியைத் திறந்தார். அமைச்சர் எழுந்து நின்றார். அப்பா கைத்தொலைபேசியில் படம் பிடிக்கத் தொடங்கினார்.

ஞானமலர் முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை செய்பவர். யார் வீட்டில் எதை முன்னால் வைத்தாலும் குறை சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. ஜெர்மன்காரர் வீட்டு உப்பில்லாத உருளைக்கிழங்கை நல்ல ருசி என்று சொல்லித் திரும்பவும் வாங்கிச் சாப்பிடுவார். கொடுத்தவர் மனம் நோகக்கூடாது, அதுதான் மரியாதை. இங்கேயோ கொடுத்தவர் மகளின் முதலாளி. ஞானமலர் குனிந்து மணந்தார். அவருடைய முகத்தில் ஒரு கணம் ஒன்றும் இல்லை. பிறகு நிமிர்ந்து, தெளிவான ஜெர்மனில் சொன்னார்:

"மிக நல்ல கறுவா. எங்கள் நாட்டுக் கறுவாதான். ஊர் மணம் அப்படியே இருக்கிறது."

மண்டபம் அதிர்ந்தது. டாக்டர் ஹார்ம்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அம்மா மகளின் பக்கம் சாய்ந்து தமிழில் கேட்டார், "சரிதானே? உனக்கு நல்லதெண்டு சொல்லிப்போட்டன்."

"அது எங்கட கறுவா இல்லையம்மா."

ஒலிவாங்கி வேலை செய்துகொண்டிருந்தது. அவர்கள் பேசிய தமிழ், மண்டபம் முழுவதும் ஒலித்தது. எல்லோரும் அமைதியானார்கள். அமைச்சர் மொழிபெயர்ப்பாளரைத் தேடினார். பிறின்சிக்கு இறங்கி ஓடலாம்போல இருந்தது. ஆனால் அம்மா சொன்ன பொய் கீழ்த்தளத்தில் அவள் எடுத்த கோடுகளின்மேல் வந்து உட்கார்ந்துவிட்டது. அதை இனி அவளைத் தவிர ஒருவரும் தூக்கப்போவதில்லை.

"இது இலங்கைக் கறுவா இல்லை" என்றாள் ஜெர்மனில். "நான் அளந்து பார்த்தேன். அறிக்கை கொடுத்தேன். நான் எதையும் மணக்கவில்லை. எனக்கு மணம் தெரியாது. கொரோனாவுக்குப் பிறகு எனக்கு மணமே இல்லை."

வாழ்க்கையில் அவள் மேடையில் பேசிய மிக நீண்ட பேச்சு அது. முடித்துவிட்டு, இனி வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று காத்திருந்தாள்.

திருமதி க்ளாசன் அழுதுகொண்டிருந்தார்.

"கேட்டீர்களா?" என்று சபையைப் பார்த்துத் திரும்பினார். "நாம் ஒரு வாசனையைத் திருப்பிக் கொடுக்க வந்தோம். வாங்கிக்கொள்ள மூக்கு இல்லை! கறுவாவை மட்டுமா எடுத்தோம்? கறுவாவை மணக்கும் புலனையே ஒரு தலைமுறையிடமிருந்து எடுத்துவிட்டோம்!"

"அது கொரோனா" என்றாள் பிறின்சி.

"கொரோனா எப்படி வந்தது? உலக வணிகத்தால். உலக வணிகம் எப்படி வந்தது? கப்பலில்."

"விமானத்தில் வந்தது" என்றது பின்வரிசையில் ஒரு குரல்.

"விமானம் என்பது பறக்கும் கப்பல்" என்றார் திருமதி க்ளாசன்.

அமைச்சர் ஒலிவாங்கியை வாங்கி, இழந்த மூக்குகளுக்காக இந்த மாநிலம் ஆழ்ந்த வருத்தம் தெரிவிக்கிறது என்றார். டாக்டர் ஹார்ம்ஸின் முகம் விடிந்திருந்தது. பக்கத்தில் இருந்தவரிடம் அவர் சொன்னதைப் பிறின்சியின் ஒலிவாங்கி பிடித்துக்கொண்டது: "அப்பாடா. பட்டை எந்த நாட்டுடையதாகவும் இருந்துவிட்டுப் போகட்டும். காயம் அசல் இலங்கைக் காயம். அச்சடித்ததை மாற்றத் தேவையில்லை."

விருந்து நடந்துகொண்டிருந்தபோது, மேற்சட்டைகள் தொங்கும் அறையில் அம்மாவும் மகளும் ஒரு நீண்ட மர வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா வெளியே றெக்ஸோடு கதைத்துக்கொண்டு நின்றார்.

"எப்ப இருந்து?" என்று கேட்டார் அம்மா.

"ஆஹெனில இருக்கேக்க."

"வீட்டுக்கு வாற நேரமெல்லாம் குழம்பைத் திறந்துவைச்சு, மணக்குதோ எண்டு கேப்பன். மணக்குது எண்டு சொல்லுவாய்."

"ஓம்."

"எல்லாம் பொய்யோ?"

"நீங்கள் இப்ப மேடையில சொன்ன மாதிரித்தான் அம்மா."

ஞானமலர் முதியோர் இல்லத்தில் எத்தனையோ பேருக்கு வாயைத் துடைத்துவிட்டவர். மகளின் முகத்தை, அதில் ஏதோ ஒட்டியிருப்பதுபோல, இரண்டு கையாலும் துடைத்தார். பிறகு பையைத் திறந்து ஒரு றோலை எடுத்துக் கொடுத்தார்.

"உறைப்பாவது தெரியுதோ?"

"உறைப்புத் தெரியும்."

"அப்ப சாப்பிடு."

இலையுதிர் காலத்தில் அவளுடைய வேலை நிரந்தரமானது. சம்பளமும் கூடியது. புதிய பதவிக்கு 'புலனிழந்த தலைமுறையின் சாட்சி' என்று பெயர். திறந்திருக்கும் நாள்களில் மூன்றாம் மண்டபத்தில், பெட்டிக்கு அருகே, அவளுக்கென்று செய்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். பேச வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மறுநாளே ராஜினாமாக் கடிதம் எழுதினாள். அதையும் ஒரு சாட்சியமாக ஏற்று, மறுபக்கச் சுவரில் சட்டம் போட்டு மாட்டினார்கள். ஆய்வுகூடத்தை மூடினார்கள். மூக்கில்லாத ஊழியரை அங்கே விடுவது பாதுகாப்பு விதிக்கு முரண் என்று ஒரு காரணம். அளப்பது வன்முறை என்பது இன்னொரு காரணம்.

"நிரந்தரமோ?" என்று தொலைபேசியில் அப்பா கேட்டார்.

"ஓம் அப்பா. விலகவும் ஏலாத அளவுக்கு நிரந்தரம்."

"நல்லதுதானே! கோயிலில கேக்கினம். என்ன வேலை எண்டு சொல்லுறது?"

"விஞ்ஞானி எண்டே சொல்லுங்கோ."

கீழ்த்தளத்தில் இருந்த கருவியையும் சரக்கு லிஃப்டில் ஏற்றி மேலே கொண்டுவந்துவிட்டார்கள். மூன்றாம் மண்டபத்தில், அவளுடைய நாற்காலிக்கு எதிரே, கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்தார்கள். 'காலனிய அறிவின் ஆயுதம், இருபத்தோராம் நூற்றாண்டு' என்று பலகை எழுதினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து முதலில் கருவியைப் பார்ப்பார்கள், பிறகு அவளைப் பார்ப்பார்கள். அவளிடம் பேசலாமா என்று ஆசிரியைகள் றெக்ஸிடம் கேட்பார்கள்.

"பேசலாம்" என்பார் றெக்ஸ். "தொடத்தான் கூடாது."

கருவியை அணைத்தவர்கள் குழாயின் முனைகளை மூடாமல் விட்டிருந்தார்கள். காற்றும் ஈரமும் உள்ளே போகும். நாள் ஆக ஆக அது பழுதாகும், பிறகு எதையும் வரையாது. நாற்காலியில் இருந்தபடியே அந்தத் திறந்த முனைகள் அவளுக்குத் தெரிந்தன. ஒரு வாரம் பொறுத்தாள். பிறகு திருமதி க்ளாசனிடம் போய், கூண்டின் சாவியைத் தந்தால் ஐந்து நிமிடத்தில் மூடிவிடுவேன், அதற்குமேல் எதையும் தொடமாட்டேன் என்றாள்.

திருமதி க்ளாசன் நெகிழ்ந்துபோனார். "சாவி தர எனக்கு அதிகாரமில்லை. காட்சிக்கு வந்துவிட்டால் அது சேகரிப்புப் பொருள். ஆனால் உங்களுக்கு அதைவிடப் பெரிய உரிமை இருக்கிறது. நீங்கள் மூலச் சமூகம். அந்தப் பொருளைத் திருப்பித் தரும்படி நீங்கள் எங்களிடம் கோரலாம்! இதுவரை ஒருவரும் கோரியதில்லை. நாங்கள் எவ்வளவு காலமாகக் காத்திருக்கிறோம் தெரியுமா?"

கோரிக்கைப் படிவம் நான்கு பக்கம். அதைக் கொண்டுவந்து நாற்காலியில் உட்கார்ந்து மடியில் வைத்து நிரப்பினாள். காதொலிக் கருவி மாட்டிய ஒரு வயோதிபத் தம்பதி, அவளுடைய நாலாவது மௌனத்தைக் கேட்டபடி, அவள் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு நின்றது. பொருளின் பெயர், பயன்பாடு, அது இல்லாததால் சமூகத்துக்கு ஏற்பட்ட இழப்பு, எல்லாவற்றையும் எழுதிவிட்டாள். பொருள் எந்தக் கப்பலில் எடுத்துச்செல்லப்பட்டது என்ற கேள்வியில் பேனா நின்றது. அந்த இடத்தை வெறுமையாக விட்டால் படிவம் செல்லாது என்று கீழே சின்ன எழுத்தில் இருந்தது.

தெரிந்ததை எழுதத்தானே அவளுக்குக் கற்பித்திருந்தார்கள். 'சரக்கு லிஃப்ட்' என்று எழுதினாள்.